மிரட்டுகிறவர் பெயர்

குத்துக்கல்வலசை,
8 ஜூன் 2025.

அன்புள்ள அண்ணனுக்கு, சுஜிதா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இந்த ஒரு வரியைப் படித்து மனதை ஆற்றிக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். வெள்ளிக்கிழமை போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. "கதவு ஏன் தெறந்து கெடந்துச்சு? பேராச்சி எங்க போய்த் தொலைஞ்சா?" என்று நீங்கள் அங்கே சத்தம் போட்டீர்கள், நான் இங்கே அழுதேன், என்னைப் பார்த்து அம்மாவும் அழுதாள். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது அல்லவா?

நடந்தது இதுதான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பேராச்சி, ரேஷன் கடையில் கூட்டம் இல்லை என்று யாரோ சொல்ல, பின்கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிற மனுஷி என்றும் பார்க்காமல் ஒருவன் அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அம்மா என் பெயரைச் சொல்லியும் கத்தவில்லை, உங்கள் பெயரைச் சொல்லியும் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக் குற்றாலிங்கம் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அண்ணாச்சி பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏவாரம் முடித்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். சோற்றுக் கையோடு காம்பவுண்டுச் சுவரை ஏறிக் குதித்து வந்தாராம், இந்த அறுபது வயதில். மண்வெட்டிக் கணைக் கம்பால் ஒருவன் முதுகில் ஒரு போடு போட்டிருக்கிறார். மற்றவன் இரும்புக் கம்பியால் அவர் மணிக்கட்டில் அடித்துவிட்டு ஓடிவிட்டான். சங்கிலி முற்றத்திலேயே விழுந்து கிடந்தது.

நான் வந்து சேர்ந்தபோது அண்ணாச்சி சம்சாரம் உலகம்மை மைனி அம்மாவை மடியில் சாய்த்து வைத்திருந்தார். அண்ணாச்சி ஹாலில் உட்கார்ந்து வீங்கின கையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏட்டி சுஜி, எதுக்கு அழுத? அக்காவுக்கு ஒண்ணும் ஆவல. எனக்கும் சுளுக்குத்தான்" என்றார். சுளுக்கு இல்லை, எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது.

பின்பக்கம் இரும்புக் கிரில் போட வேண்டும். வாசலில் ஒரு கேமராவும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அங்கே வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். மதியம் வெளியில் நிற்காதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சுஜிதா.

---

மஸ்கட்,
13 ஜூன் 2025.

பிரியமுள்ள சுஜிக்கு, அண்ணன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தாயா? நீ தூங்குகிறாயா?

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நான் இங்கே ஒரு கட்டடம் முழுக்கப் பாதுகாப்புக் கருவிகளைப் பராமரிக்கிறேன். என் தாயின் கழுத்தில் ஒருவன் கை வைத்திருக்கிறான். கிரில், கேமரா என்று எழுதியிருக்கிறாய். கிரில்லை அறுக்க முடியும். கேமரா கள்ளனைப் படம் பிடிக்குமே தவிர, அவன் கையைப் பிடிக்காது. அந்த வீட்டில் ஆண் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இப்போது குற்றாலத்தில் சீசன் வேறு. எந்த ஊர் வண்டியில் எவன் வருகிறான் என்று யார் பார்ப்பது?

நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். உன் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிடுவோம். சிரிக்காதே. பெண்கள் நிறையப் பேர் இப்போது எடுக்கிறார்கள். ஏர்கன் வேண்டாம், அது புறாவுக்குத்தான் பயம் காட்டும். ஒன்று, இரட்டைக்குழல் துப்பாக்கி. இல்லையென்றால் பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர். ஆறு தோட்டா போடலாம், உன் ஹேண்ட்பேக்கில் அடங்கும். திருநெல்வேலியில் கடை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்க் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுது.

அண்ணாச்சி கையை நான் விசாரித்ததாகச் சொல். பெரிய உதவி செய்திருக்கிறார்.

உன் அண்ணன்,
ஜோஷ்வா.

---

குத்துக்கல்வலசை,
29 ஜூன் 2025.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று நாளாகச் சாரல். அம்மாவுக்கு இரண்டு போர்வை போட்டும் குளிர்கிறது என்கிறாள். மற்றபடி சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா?

முதலில் எனக்கு இருக்கிற சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். கள்ளன் வந்தது பகலில். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நாளைக்கும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன். அப்போது துப்பாக்கியை யார் பிடிப்பது? அம்மாவா, பேராச்சியா?

இருந்தாலும் நீங்கள் சொன்னதற்காக நேற்றுப் போனேன். உலகம்மை மைனி பகல் முழுக்க அம்மாவோடு இருந்தார். கடை, நான் நினைத்த மாதிரி இல்லை. ஏதோ தையல் மிஷின் விற்கிற கடை போலச் சாதாரணமாக இருந்தது. கடைக்காரருக்கு வீட்டு விவரமெல்லாம் வேண்டியிருந்தது.

"வீட்டுல எத்தனை பேரு? யாரு எந்த ரூம்ல படுப்பீங்க? நடுவுல செங்கல் சுவரா, பலகைத் தடுப்பா?"

"எதுக்கு கேக்கீங்க?" என்றேன்.

"சுட்டது எங்க போய் நிக்கும்னு பாக்கணும்லாம்மா. வெளியூர்ல இருந்து போன் போட்டு எல்லாரும் பெரிய குண்டாத்தான் கேக்காங்க. பெரிய குண்டு உள்ள தோட்டாவ வீட்டுக்குள்ள போட்டீங்கன்னா, கள்ளனையும் தாண்டும், கதவையும் தாண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால உங்க அம்மா படுத்திருப்பாங்க. இரட்டைக்குழல் எடுத்தீங்கன்னா பொடிக் குண்டு உள்ளதுதான் போடணும். ரிவால்வர்னா ஒத்தைக் குண்டு. அதுக்குக் கை நடுங்காம இருக்கணும்."

இரட்டைக்குழலைத் தூக்கிப் பார்த்தேன். தோளில் வைத்தால் கழுத்து வலிக்கிறது. நம் வீட்டுக் குறுகலான நடையில் அதைத் திருப்பவே முடியாது. பிறகு ரிவால்வரைக் கையில் கொடுத்தார். அண்ணா, உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பிடித்திருந்தது. சின்னதாக, ஆனால் கனமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "துப்பாக்கியா! அது எதுக்குட்டி? ஒரு சத்தம் போடு. நான் இங்கனதான இருக்கேன்?" என்று சிரித்தார். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
சுஜிதா.

---

மஸ்கட்,
4 ஜூலை 2025.

பிரியமுள்ள சுஜி,

இருமல் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கம்பளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும் ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ரிவால்வரே போதும். உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பகலில் யார் பிடிப்பது என்று கேட்டாய். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பேச்சே போதும். பகலிலும் எவனும் வர மாட்டான். துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டா வேறு பீரோவில். இரண்டு சாவியும் உன்னிடம்.

தென்காசியில் கைலாசம் என்று ஒருவர் இருக்கிறார். லைசென்ஸ் வேலைகளை எடுத்துச் செய்கிறவர். நானே போனில் எல்லாம் பேசிவிட்டேன். தாள்களைக் கொண்டுவருவார். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடு. பக்கம் பக்கமாக இருக்கும். எல்லாவற்றையும் படித்துக்கொண்டு உட்காராதே. நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. லைசென்ஸ் விஷயத்தை இனி அக்கம்பக்கத்தில் பேச வேண்டாம், அண்ணாச்சி வீட்டிலும்தான். காரியம் முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது.

உன் அண்ணன்,
ஜோஷ்வா.

---

குத்துக்கல்வலசை,
17 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா உங்கள் கம்பளியைத் தோளை விட்டு இறக்குவதில்லை. ஞாயிறு ஆராதனைக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். எல்லோரிடமும் "எம் மவன் அனுப்புனது" என்று தொட்டுக் காட்டினாள்.

கைலாசம் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலை நேரம், பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

பயிற்சிச் சான்று வேண்டும் என்றார்களே, அதற்காக இரண்டு சனிக்கிழமை ரைஃபிள் கிளப்புக்குப் போய்வந்தேன். முதல் தடவை சுட்டபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டாம் வாரம் குறி அட்டையிலேயே பட்டது. அந்த இரண்டு நாளும் அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டி, துணி மாற்றி, எல்லாம் உலகம்மை மைனிதான் பார்த்தார். "எங்கட்டி போற?" என்று கேட்டதற்கு, டீச்சர்களுக்குப் பயிற்சி என்று சொன்னேன். உங்கள் சொல்லுக்காகத்தான் அந்தப் பொய். நாக்கு கூசியது.

இன்று எழுதுவதற்கு முக்கியமான காரணம் வேறு. புதன்கிழமை லைசென்ஸுக்கான போலீஸ் விசாரணைக்கு ஏட்டையா ஒருவர் வந்தார். மைனிதான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். மைனி அம்மாவைப் பார்க்க உள்ளே போனதும், ஏட்டையா குரலைத் தாழ்த்தி, "அந்த ஆளு மேல இன்னும் பயம் இருக்கா டீச்சர்?" என்றார்.

கம்பியால் அடித்தவனைத்தான் கேட்கிறார் என்று, "கண்ண மூடினா அவந்தான் சார் வாரான்" என்றேன்.

"பழைய ஓடைத் தகராறு தீரலையோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அது எங்க அப்பா உயிரோட இருக்கும்போது நடந்தது. அது இப்ப எதுக்கு சார்?" என்றேன். அவர் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்.

ஓடைத் தண்ணீர் நம் முற்றத்துக்குள் வருகிறது என்று அப்பா அண்ணாச்சி மேல் ஒரு மனுக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரே வாரத்தில் ராசியாகி, அண்ணாச்சியே குழாய் பதித்துக் கொடுத்தார். அப்பா அடக்கத்தன்று குழி தோண்டிய இடத்தில் முதல் ஆளாக நின்றதும் அவர்தான். அந்தப் பேச்சை ஏட்டையா எதற்கு எடுத்தார்? நீங்கள் கைலாசத்திடம் ஏதாவது சொன்னீர்களா? விவரமாக எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சுஜிதா.

---

மஸ்கட்,
2 செப்டம்பர் 2025.

பிரியமுள்ள சுஜி,

வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. அதனால்தான் பதில் தாமதம். அம்மா கம்பளி போட்ட படத்தைப் பார்த்தேன், சந்தோஷம்.

அட்டையில் பட்டது என்று எழுதியிருந்தாய். சபாஷ். தோட்டா விஷயமாக ஒன்று: லைசென்ஸ் வந்தவுடன் மொத்தமாக வாங்கி அடுக்காதே. கொஞ்சமாக வாங்கு. ஈரம் படாத இடத்தில் வை. சாரல் காலத்தில் நம் வீட்டுச் சுவரெல்லாம் வேர்க்கும், பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாதே. பழைய தோட்டா சமயத்தில் வெடிக்காது என்கிறார்கள். துப்பாக்கி உறை தோலில் வேண்டுமா, துணியில் வேண்டுமா என்று எழுது. நான் இங்கிருந்து வாங்கி வருகிறேன்.

விசாரணையில் கண்டதையும் கேட்பார்கள். அதையெல்லாம் மனதில் போட்டு உழப்பாதே. வேலை முடியப் போகிறது.

ஜோஷ்வா.

---

குத்துக்கல்வலசை,
14 செப்டம்பர் 2025.

அண்ணனுக்கு,

அம்மா சுகம். அதைச் சொல்லாவிட்டால் பதறுவீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். உலகம்மை மைனி நம் வாசலில் நின்றார். சேலை முந்தானையை வாயில் அடைத்திருந்தார்.

"சுஜி, உங்க அண்ணாச்சிய போலீஸ்காரங்க காலையிலயே சந்தையில இருந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. சுமைக்காரங்க, டெம்போக்காரங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். என்னன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க. நீ டீச்சரு. நீ வந்து சொன்னா கேப்பாங்க."

பையைக்கூட வைக்காமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "அவரு ஒருத்தர்கிட்ட ஒரு சொல்லு பேசி அறியமாட்டாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் பேசுதேன் மைனி, நீங்க பயப்படாதீங்க" என்றேன். அப்படிச் சொன்னேன், அண்ணா.

ஸ்டேஷனில் பெஞ்சு ஓரத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் போட்டுப் போகிற அழுக்குச் சட்டை. வெண்டைக்காய்ச் சுணை இன்னும் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தா சார், எங்க சுஜி வந்துட்டா. அவகிட்டயே கேளுங்க சார், நான் எப்படிப்பட்ட ஆளுன்னு."

இன்ஸ்பெக்டர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மேசையில் இருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க குடுத்த மனுவுலதான இவரக் கூப்பிட்டிருக்கோம்?"

"நான் ஒரு மனுவும் குடுக்கலயே சார்."

அவர் வாசித்தார். பக்கத்து வீட்டுக் குற்றாலிங்கத்தால் எனக்கும் என் தாய்க்கும் உயிருக்கு ஆபத்து என்று. பழைய தகராறை மனதில் வைத்து ஓயாமல் மிரட்டுகிறார் என்று. ஜூன் மாதம் வீட்டுக்குள் ஆள் புகுந்ததிலும் அவர் மேல்தான் சந்தேகம் என்று. அதனால் தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று. அடியில் என் கையெழுத்து.

ஆட்டோவிலிருந்து என் கையை விடாமல் வந்த மைனி, கையை எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்து உங்களோடதுதான?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னோடதுதான். ஆனா நான் படிக்கல சார்."

"ஏட்டு விசாரிக்க வந்தப்பவும், கண்ண மூடினா இவருதான் வாராருன்னு சொல்லியிருக்கீங்க."

அண்ணாச்சி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டுப் பிரித்த மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

எல்லாம் பொய், இவர்தான் எங்களைக் காப்பாற்றியவர் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பொய் மனுவுக்கு என் மேலேயே வழக்குப் போடலாம், வேலை போகும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். லைசென்ஸ் மனுவையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டேன். "நீ போ. நாங்க பஸ்ல வாரோம்" என்றார் மைனி. அண்ணாச்சி அதற்கு முன்பே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

இது கைலாசத்தின் வேலையா, உங்கள் வேலையா? எனக்குத் தெரிய வேண்டும்.

சுஜிதா.

---

குத்துக்கல்வலசை,
27 செப்டம்பர் 2025.

அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்துவிட்டது. நீங்கள் படித்துவிட்டீர்கள். போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நேற்று நான் போனை வாங்கியதும் லைன் சரியில்லை என்றீர்கள்.

கைலாசத்தைத் தென்காசியில் போய்ப் பார்த்தேன். "நான் என்னம்மா செய்ய? பேரு குடுத்தது உங்க அண்ணன். ஓடைக் கதையச் சொன்னதும் அவருதான். எனக்கு உங்க பக்கத்து வீடு எது, எதுத்த வீடு எதுன்னே தெரியாது" என்றார்.

இப்போதாவது எழுதுங்கள்.

சுஜிதா.

---

மஸ்கட்,
5 அக்டோபர் 2025.

பிரியமுள்ள சுஜி,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். அதை நீ நம்ப வேண்டும்.

கைலாசத்தின் மேல் தப்பு இல்லை. பெயர் நான் கொடுத்ததுதான். சும்மா திருட்டுப் பயம் என்று எழுதினால் லைசென்ஸ் கிடைக்காது, இன்னாரால் ஆபத்து என்று ஒரு ஆளைக் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னார். நான் யாரைக் காட்டுவது? முகம் தெரியாத கள்ளனையா? நம் தெருவில் யார் பெயரைக் கொடுத்தாலும் வம்பு. ஒருவன் வக்கீலைக் கூட்டிவருவான். ஒருவன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். அண்ணாச்சி சாதுவான ஆள். ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவரும் யாரிடமும் பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். ஸ்டேஷனில் ஏற்கனவே அப்பா கொடுத்த மனு வேறு இருந்தது. ஜூன் மாதச் சந்தேகத்தைச் சேர்த்தால் பலமாக இருக்கும் என்று கைலாசம் சொன்னார்; சரி என்றேன். அது அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் யாருக்காகச் செய்தேன்? நான் இங்கே ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். உன்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ சம்மதித்திருக்க மாட்டாய். நீயும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டாய். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். கைக்கு வந்தது போய்விட்டது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

உன் அண்ணன்,
ஜோஷ்வா.

---

குத்துக்கல்வலசை,
12 அக்டோபர் 2025.

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி எதிர்த்து நிற்க மாட்டார் என்று தெரிந்துதான் அவர் பெயரைக் கொடுத்தீர்கள். நான் உங்கள் பேச்சைத் தட்டாமல், படிக்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று தெரிந்துதான் என் கையெழுத்தை வாங்கினீர்கள். எங்கள் இரண்டு பேரையும் நீங்கள் தேர்ந்தெடுத்த விதம் ஒன்றுதான். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று நாம் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுத்தது எங்களைத்தான்.

மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மைனி உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நடையில் நின்றே பேசினார்.

"நீ எழுதலன்னு அவரு நம்புதாரு. நானும் நம்புதேன். ஆனா சந்தைக்குப் போனா, 'என்ன அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல ஆள் வச்சு நகையப் பறிச்சீராமே'ன்னு சின்னப் பயலுவ எல்லாம் கேலி பேசுதானுவ. முப்பது வருசமா ஏவாரம் பாத்த எடம். ரெண்டு நாளா மனுசன் போகவே இல்ல. உங்கிட்ட எனக்குச் சண்டை இல்ல, சுஜி. ஆனா இனிமே நான் அங்கன வரல. அக்கா கேட்டா, எனக்கு முட்டு வலின்னு சொல்லிரு."

அம்மா தினமும் கேட்கிறாள். முட்டு வலி என்று சொல்கிறேன். உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். இப்போது இது இன்னொன்று.

நீங்கள் அவருக்குத்தான் கடிதம் எழுத வேண்டும், எனக்கு அல்ல. போன் வேண்டாம். எழுதுங்கள். ஸ்டேஷனுக்கும் உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.

சுஜிதா.

---

மஸ்கட்,
9 நவம்பர் 2025.

பிரியமுள்ள சுஜிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எழுதினால் ஏதோ கோர்ட்டு விவகாரம் போல இருக்கும் என்று நேரடியாகவே பேசிவிட்டேன். "ஏதோ தப்பு நடந்து போச்சு அண்ணாச்சி, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்றார். அவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. நான்தான் சொன்னேனே, பெரிய மனது அவருக்கு. நீதான் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாய். ஸ்டேஷனுக்கு எழுதினால் எனக்குப் பாஸ்போர்ட்டில் சிக்கல் வரலாம் என்கிறார்கள், அதை விட்டுவிடுவோம்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்திருக்கிறது. வந்ததும் அவர்கள் வீட்டுக்குக் கேக்கோடு போய்வருவோம். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

உன் அண்ணன்,
ஜோஷ்வா.

---

தென்காசி,
30 நவம்பர் 2025.

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். எப்படி நடந்தது என்பதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பேராச்சி கடைக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள். அம்மா தானாக எழுந்திருக்கப் பார்த்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். அண்ணாச்சி பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்போது நான் வகுப்பில் இருந்தேன். ஆபீஸ் ரூமுக்குப் போன் வந்திருக்கிறது என்று கூட்டிப்போனார்கள். எடுத்தேன்.

"டீச்சர், நான் பக்கத்து வீட்டுக் குற்றாலிங்கம் பேசுதேன். உங்க அம்மா கீழ விழுந்துட்டாங்க போல. சத்தம் கேக்கு. நான் உள்ள போலாமா?"

பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் சுஜிதான். ஒரு கணம் யாரென்றே விளங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி கேக்கீங்க? போங்க, சீக்கிரம் போங்க!"

"இல்ல டீச்சர், இருங்க. இங்கன டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரத் தம்பியும் நிக்காங்க. அவங்களக் கூட்டிட்டு வரத்தான் லேட்டாயிட்டு. போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அவங்க காதுல விழுத மாதிரி ஒரு தடவை சொல்லிருங்க."

மழைச் சத்தத்துக்கு நடுவில் அம்மா கூப்பிடுவது போனிலேயே கேட்டது. தலைமையாசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குற்றாலிங்கம் அண்ணாச்சி என் வீட்டுக்குள்ள போகலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். "சரி டீச்சர்" என்றார்.

அவர்கள் இரண்டு பேரையும் முதலில் உள்ளே போகவிட்டுத்தான் அவர் பின்னால் போனாராம். ஆட்டோக்காரத் தம்பி சொன்னான். தூக்கும்போது அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டது அவர்தான். ஆனால் கழுத்தில் சங்கிலி இருப்பதைப் பாருங்கள் என்று டீக்கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டி, சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

இதுதான் நீங்கள் சொன்ன பெரிய மனது. அவர் மறக்கவும் இல்லை, நம்மைக் கைவிடவும் இல்லை. சாட்சி இல்லாமல் நம் வாசலை மிதிக்கக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு நேற்றுத்தான் தெளிவு வந்தது. வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நான் அம்புட்டுத் தடவ கூப்புட்டேன். கீழ கெடந்தபடியே கதவு வழியாப் பாத்தேன். குத்தாலிங்கம் மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்லயே நின்னான். ஏன் சுஜி அவன் உள்ள வரல?" என்று கேட்டாள். காலையில் மறுபடியும் கேட்டாள்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். கேக் வேண்டாம். வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் வேறு எந்தப் பொய்யும் சொல்லப் போவதில்லை.

சுஜிதா.